ஹாஸ்பிட்டபிள் என்றால் நோயாளி

ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போதே எனக்கு ஒரு மாணவி இருந்தாள். அவள் என் சித்தி.

சித்தி அம்மாவின் தங்கை. பட்டினப்பாக்கம் குடியிருப்பில் எங்களோடுதான் இருந்தாள். அம்மா விடியுமுன்பே, விற்க மீன் எடுக்கக் காசிமேடு துறைமுகத்துக்குப் போய்விடுவாள். அப்பா கடலுக்குப் போய்விடுவார். ஆகவே என்னை எழுப்பிக் குளிக்கவைத்து, இரட்டை ஜடை பின்னி, பள்ளிக்கூட வாசலில் விடுவதெல்லாம் சித்திதான். பிறகு அவள் தி.நகர் போய், ஒரு புடவைக் கடையின் இரண்டாம் மாடியில் பொழுது சாயும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

ஒருநாள் லஸ் நடைபாதைப் பழைய புத்தகக் கடையிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தோடு வந்தாள். முழுக்கக் கடினமான ஆங்கிலச் சொற்கள். அர்த்தம் போட்டிருந்த பின்பாதியை மட்டும் யாரோ கிழித்துவிட்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் சித்தி அதைப் பார்த்தாள்.

ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பறைக்கு ஆள் எடுக்கிறார்களாம். முதலில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தேர்வு. சித்தி தமிழில் படித்து, தபால் வழியில் பி.ஏ. முடித்தவள். நானோ கான்வென்ட். எங்கள் பள்ளி நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஓர் ஆங்கிலம்-தமிழ் அகராதி இருந்தது.

"நீ இஸ்கூல்ல பாத்து எழுதிக்கினு வா. நான் மண்டைல ஏத்திக்கிறேன்" என்றாள்.

புடவை மடிப்புக்குள் வைத்து வரும் அட்டைகளைக் கடையிலிருந்து கொண்டுவந்து சீட்டுச் சீட்டாக நறுக்கினாள். ஒரு பக்கம் அவள் ஆங்கிலச் சொல்லை எழுதுவாள். மறுபக்கம் நான் மதிய இடைவேளையில் தமிழில் பொருள் எழுதிவருவேன். மாலையில் நான் நாற்காலியில், சித்தி தரையில். நான் கேட்பேன், அவள் ஒப்பிப்பாள். மறுநாள் காலை அட்டைகள் ரப்பர் வளையம் போட்டு அவளுடைய சாப்பாட்டுப் பையில் ஏறிக் கடைக்குப் போகும்.

கொஞ்ச நாளில் வீடே மாறிப்போனது. எதைப் போட்டாலும் விழுங்கும் மாடிப்படிப் பூனை 'வொரேஷியஸ்' ஆனது. எப்போதாவது வரும் குழாய்த் தண்ணீர் 'ஸ்போராடிக்' ஆனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோம்பிப் படுத்துக் கிடந்த அப்பாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் சித்தி "லெதார்ஜிக், லெதார்ஜிக்" என்று முணுமுணுப்பாள். அது ஏதோ ஊர்ப் பெயர் என்று அப்பா நினைத்தார். அம்மா இன்னும் ஒருபடி மேலே போனாள். வஞ்சிரத்துக்கு அரைமணி நேரம் பிடிவாதமாகப் பேரம் பேசிய ஓர் அம்மாளைப் பார்த்து, "இன்னாம்மா நீ, இவ்ளோ ஆப்ஸ்டினேட்டா கீற?" என்று கேட்டுவிட்டாள். அந்த அம்மாள் திகைத்துப்போய்ச் சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போனாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாம் நான் எழுதிய அட்டைகள் அல்லவா.

அந்த வேலைக்குப் பெங்களூரில் ஒரு வருஷப் பயிற்சி, தங்குமிடமும் அங்கேதான் என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரியவந்தது. அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. நான் எழுதிக்கொடுத்த ஒவ்வொரு சொல்லும் சித்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டைவிட்டுத் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த நாள் நூலகத்தில் அகராதியைத் திறந்து சரியான பொருளைப் படித்தேன். படித்துவிட்டு வேறொன்றை எழுதினேன்.

'ரிலக்டன்ட்' என்றால் மிகுந்த ஆவல். 'மெட்டிகுலஸ்' என்றால் அழுக்குப் பிடித்த. 'கேண்டிட்' என்றால் மிட்டாய் போல இனிப்பான. 'ஹாஸ்பிட்டபிள்' என்றால் நோயாளி. இப்படிப் பத்து அட்டை. ஹோட்டல் வேலைக்குப் போகிறவளுக்கு விருந்தோம்பலையே நோயாளி ஆக்கிவிட்டோமே என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. நம்பும்படியாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

சித்தி 'ஹாஸ்பிட்டபிள்' அட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நோயாளியா?"

"ஆமா சித்தி. ஹாஸ்பிட்டல்ல இருக்கறவங்க."

"கரெக்டுதான்" என்று சொல்லிப் படிக்க ஆரம்பித்தாள். அந்த வாரம் முழுக்க நான் கேட்டபோதெல்லாம் பத்துப் பொய்யையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள்.

தேர்வு நாள் வந்தது. அம்மா அன்று மீன் எடுக்கப் போகவில்லை. அம்மன் கோயில் குங்குமத்தைச் சித்தியின் நெற்றியில் வைத்துவிட்டு, முழங்காலிட்டுப் புடவை மடிப்பைச் சரிசெய்தாள். "என் தங்கச்சி பரீட்சைக்குப் போறா" என்று தாழ்வாரத்தில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கு இட்லி இறங்கவில்லை.

வழக்கம்போல சித்தி என்னைப் பள்ளியில் விடக் கிளம்பினாள். பேருந்து நிறுத்தத்தைத் தாண்டும்போது என் கால் நின்றுவிட்டது.

"சித்தி, பத்து அட்டை பொய். நான்தான் வேணும்னே எழுதினேன்." அழுகையில் மூக்கெல்லாம் ஒழுகியது.

"ஏன்டி?"

"நீ போய்ட்டா எனக்கு யாரு ஜடை பின்னுவா?"

அவள் திட்டவில்லை. முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. "ஏறு" என்றாள். "ஸ்கூல்..." என்று நான் ஆரம்பிக்க, "ஒருநாள் மட்டம் போட்டா ஒண்ணும் ஆவாது, ஏறுடி" என்று தூக்கி ஏற்றினாள்.

மந்தைவெளி தாண்டும்போது அட்டைக் கட்டை என்னிடம் கொடுத்தாள். நான் பொய்யான பத்தையும் பொறுக்கி எடுத்து, பேருந்து இரைச்சலுக்கு மேலே கத்தினேன். "ரிலக்டன்ட்! இது வந்து..."

"மனசே இல்லாம செய்யறது" என்றாள் சித்தி.

"மெட்டிகுலஸ்!"

"ஒவ்வொண்ணையும் பாத்துப் பாத்துச் செய்யறது."

நான் வாயைத் திறக்குமுன்பே பதில் வந்தது. டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் எங்கள் இருக்கையருகே நின்றுவிட்டார்.

"இன்னா பாப்பா, உனக்குப் பரீட்சையா?"

"எனக்குண்ணா" என்றாள் சித்தி.

"அப்டியா? கேளு பாப்பா, அடுத்தது கேளு" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார். லஸ் வருவதற்குள் பத்தும் முடிந்துவிட்டது. "ஹாஸ்பிட்டபிள்னா வந்தவங்கள அன்பா கவனிக்கறது" என்று சித்தி சொன்னபோது, நடத்துநர், "பாஸும்மா நீ" என்று விசில் ஊதினார். பொய் என்று நான் சொன்னதுமே சரியான பொருளையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அசந்துபோனேன். என் சித்திக்குப் பயங்கர மூளை.

அவள் தேறினாள். மூன்று மாதம் கழித்துப் பெங்களூர் போனாள். அதன்பிறகு அப்பா கடலிலிருந்து சீக்கிரமே கரையேறி வந்து எனக்கு ஜடை பின்னினார். வலை முடிந்து பழகிய கை, ரிப்பனை அவிழ்க்கக் கத்தி தேவைப்பட்டது.

கடைசி நேரத்தில் நான் உண்மையைச் சொன்னதால்தான் சித்தி தேறினாள் என்று வெகுகாலம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அட்டைகள் தினமும் அவளோடு கடைக்குப் போய்வந்தன, அங்கே பில் போடும் அக்காவின் கைபேசியில் எந்தச் சொல்லுக்கும் அர்த்தம் கிடைத்திருக்கும் என்பதைக் கூட்டிப் பார்க்க நான் கல்லூரிக்குப் போகவேண்டியிருந்தது. அந்தப் பத்தும் அவளுக்கு முன்பே தெரியும். அன்றைக்குப் பேருந்தில் என் உதவி எதுவும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

பிறகு எதற்கு என்னையும் பேருந்தில் ஏற்றினாள்? ஆழ்வார்பேட்டையில் இறங்கி, தேர்வு நடந்த உயரமான கண்ணாடிக் கட்டிடத்தின் வாசல்வரை, காவலாளி "குழந்தைய உள்ள விட முடியாதும்மா" என்று சொல்லும்வரை, சித்தி என் கையை விடவேயில்லை. அவளுடைய உள்ளங்கை சொதசொதவென்று நனைந்திருந்தது. வெயில்தான் காரணம் என்று நினைத்து, கையை இழுத்துச் சீருடைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி அவளிடம் கொடுத்தேன்.