ஒட்டுத்தாடி நண்பன்

ஏழு மாதக் குழந்தையான தம்பி காய்ச்சலில் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் பேச்சே அற்றுப்போனது. அப்பா சுபாங் ஜெயா தொழிற்சாலையில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா என்னிடம் பேசியதெல்லாம் "சாப்ட்டியா", "கதவ சாத்து", இவ்வளவுதான். அம்மா பக்கத்திலேயே இருந்தும் வீட்டில் நான் தனியாகத்தான் இருந்தேன். சபையிலிருந்து வந்த ஆன்டிமார்கள், ஏதாவது பாவம் இருந்தால் ஜெபத்தில் அறிக்கை செய்துவிடும்படி அம்மாவிடம் சொல்லி, மைலோ குடித்துவிட்டுப் போனார்கள். அம்மா ஆலயத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

நான் மட்டும் ஞாயிறு பள்ளிக்குப் போனேன். அங்கே ஆண்டு விழா நாடகம். பழைய ஏற்பாட்டில், பிள்ளைகளையும் சொத்தையும் உடல்நலத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல மனிதரின் கதை. அவரிடம் வாதாட வரும் மூன்று நண்பர்களில் ஒருவர் வேடம் எனக்கு. ஒட்டுத்தாடி உண்டு. மூவரில் எனக்குத்தான் வசனம் அதிகம் என்பதில் தலைகால் புரியவில்லை.

ஒத்திகைக்கு ஆள் வேண்டுமே! ஒரு மாலை, டீச்சர் எழுதித் தந்த தாளை அம்மா கையில் திணித்தேன். மறுப்பார் என்று நினைத்தேன். அவரோ சமையலறைத் தரையில் உட்கார்ந்து, சாம்பலில் இருப்பவரின் வசனத்தை வாசிக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் குரலை அவ்வளவு நேரம் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது!

"குற்றம் செய்யாதவனுக்குத் தண்டனை வருமா? யோசித்துப் பார்!" என்று விரலை நீட்டினேன்.

அம்மா தாளைக் கீழே வைத்தார்.

"நா என்ன செஞ்சேன்? நெத்தியில ஈரத்துணி போட்டு போட்டு எடுத்தேனே. விடிஞ்சதும் டாக்டர்கிட்ட போலாம்னு இருந்தது குத்தமா? சொல்லு, அதுக்கா எம் புள்ளைய எடுத்துக்கிட்டே?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேலே, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது தாள்ல இல்ல லா," என்றேன். "உள்ளத மட்டும் படிங்க. எனக்கு மறந்துடும்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு தாளை எடுத்தார். "சரிம்மா. நீ மறுபடி சொல்லு."

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி விரலை ஆட்டி, இன்னும் உரக்கச் சொன்னேன்.

"நல்லா சொல்ற," என்றார் அம்மா.

அது பாராட்டு என்று நினைத்தேன். சந்தோஷத்தில் அந்த வசனத்தையே அவர் முகத்துக்கு நேராக இன்னும் மூன்று முறை சொல்லிக் காட்டினேன்.