பயணியாக ஏறிய கண்டக்டர்

பஸ் வருவதற்கு முன்பே அவருடைய குரல் வந்து சேர்ந்துவிடும் என்பார்கள் அந்தத் தடத்தில் போய்வந்தவர்கள். எள் விழ இடமில்லாத கூட்டத்திலும் இன்னும் நாலு பேரை ஏற்றிவிடும் கண்டக்டர் அவர். "நடுவுல மைதானமா கிடக்கு, ஃபுட்பால் ஆடலாம், உள்ள போங்கய்யா!" என்று ஒரு சத்தம் போட்டால், திட்டிக்கொண்டே எல்லாரும் சிரிப்பார்கள், சிரித்துக்கொண்டே உள்ளே நகர்வார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தார். வண்டியில் அவருக்கு வாய்த்த டிரைவர் வயதில் மூத்தவர். இவர் விசில் ஊதும் விதத்தை வைத்தே, இறங்குவது கிழவியா கல்லூரிப் பெண்ணா என்று சொல்லிவிடுவார் அவர். அத்தனை வருஷப் பழக்கம்.

நாற்பதைத் தொடும்போது அவருக்குத் தூக்கம் கெட்டது. பிறகு, பயணிகள் இருமுவதும் தும்முவதும் அவரைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சைகை என்று தோன்ற ஆரம்பித்தது. விசில் ஊதினால் அதற்குள்ளிருந்து ஒரு குரல் பேசியது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா.

"கண்ணு எரியுது, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஒரு மத்தியானம் வழக்கமான சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். டிரைவர் வண்டியை வேறு தெருவில் திருப்பினார். தம்மைக் கொல்லத்தான் கொண்டுபோகிறார்கள் என்று கண்டக்டருக்குத் தீர்மானமாகிவிட்டது. பாய்ந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தார். வண்டி ஒரு கிடங்கின் சுவரில் மோதி நின்றது. யார் செய்த புண்ணியமோ, உயிர் எதுவும் போகவில்லை. பயணிகளுக்குச் சிராய்ப்பும் வீக்கமும். டிரைவரின் வலது கால் மட்டும் நொறுங்கிப்போயிற்று.

நோயின் பிடியில் இருந்தவர், செய்வது இன்னதென்று அறியாமல் செய்தார் என்று நீதிமன்றம் சொன்னது. சிறைக்கு அனுப்பாமல், மனநல மருத்துவமனையில் பூட்டுக் காவலோடு இருக்கும் ஒரு பிரிவுக்கு அனுப்பியது. அங்கே இருப்பவர்கள் அதைக் 'கோர்ட் வார்டு' என்பார்கள்.

மருந்து வேலை செய்யச் சில மாதங்கள் பிடித்தன. நாக்கு வறண்டது, உடம்பு ஊதியது, சட்டைப் பொத்தான்கள் பூட்ட மறுத்தன. ஆனால் குரல்கள், கடைசி டிரிப்பில் பயணிகள் இறங்குவதுபோல ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. தலை தெளிந்தது. தெளிந்த தலைக்குள் முதலில் வந்து உட்கார்ந்தது அந்தக் கிடங்குச் சுவர்தான். தாம் செய்தது என்னவென்று அப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அதற்குப் பிறகு பேச்சே நின்றுவிட்டது. கேட்டதற்குத் தலையாட்டுவார். அக்கா பார்க்க வந்தால் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருப்பார்.

வார்டில் ஒரு பெண் தெரபிஸ்ட் இருந்தாள். நோய் அடங்கியவர்களை மறுபடி வாழப் பழக்குவது அவள் வேலை. சமைக்க, துணி துவைக்க, மனிதர்களோடு பேச, கோபம் வந்தால் என்ன செய்வதென்று யோசிக்க. கண்டக்டரைப் பல நாள் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. ஒருநாள் அவளே எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மருந்து உங்க நோயப் பாத்துக்கும். உங்கள யாரு பாத்துக்கறது? இன்னைக்கு சமையல் நாள். வெங்காயம் நறுக்க ஆள் இல்ல, வாங்க."

அந்தச் சமையலறையில் கத்திகளைப் பூட்டிய அலமாரியில் வைத்திருந்தார்கள். எடுக்கும்போதும் வைக்கும்போதும் ஒரு நர்ஸ் நின்று பார்ப்பார். ஆள் நெட்டை, கழுத்தும் நீளம். வார்டு முழுக்க அவரை ஒட்டகம் என்றே கூப்பிடும், அவரும் 'என்ன' என்று திரும்புவார். ஒட்டகம் ஒரு கத்தியை எடுத்து நீட்டினார். கண்டக்டர் வாங்கவில்லை.

"என்கிட்டயா குடுக்கறீங்க?" பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"வெங்காயம் தானா வெட்டிக்கிட்டா குடுக்க மாட்டேன்" என்றார் ஒட்டகம்.

கண்டக்டர் நறுக்கினார். கண்ணிலிருந்து கொட்டியது. வெங்காயத்தின் மேல் பழி போட்டு நன்றாகவே அழுதுகொண்டார். தெரபிஸ்ட் கண்டும் காணாததுபோல அடுப்பைப் பற்றவைத்தாள்.

அதன்பிறகு வட்டமாக உட்கார்ந்து பேசும் கூட்டங்களுக்கும் போக ஆரம்பித்தார். நோய் திரும்பி வந்தால் முதலில் எப்படித் தலைகாட்டும் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஒருவர் குளிப்பதை நிறுத்திவிடுவாராம். இன்னொருவருக்கு வீட்டுச் சாப்பாட்டில் சந்தேகம் வருமாம். "எனக்குத் தூக்கம்தான் முதல்ல போகும்" என்றார் கண்டக்டர். "அப்புறம் யாராச்சும் இருமினா கோவம் வரும்." அடுத்த முறை வந்த அக்காவிடமும் முகத்தை நிமிர்த்தி அதைச் சொன்னார். "அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதாடா" என்று அவள் அழுது, மூக்கைச் சிந்தி, பிறகு அவருடைய தொப்பையைப் பார்த்துச் சிரித்தும்விட்டாள்.

டிரைவரைப் பார்க்க வேண்டும் என்று தெரபிஸ்டிடம் கேட்டார். அவள் அவர் சார்பில் டிரைவரிடம் பேசினாள். முடியாது என்று பதில் வந்தது. அதில் நியாயம் இருப்பதாகவே கண்டக்டருக்குப் பட்டது. மறுபடி கேட்கவில்லை. மறு வருஷம் டிரைவரே வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

கைத்தடியை ஊன்றி, தாங்கித் தாங்கி நடந்து வந்தார். தெரபிஸ்ட் ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

"உக்காருங்கண்ணே."

"உக்காரத்தான் வந்திருக்கேன்" என்று காலை நீட்டி உட்கார்ந்தார் டிரைவர். "நீ மன்னிப்பு கேக்கணும்னு வரல. எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்கு நான் உன்ன ஏதாவது சொன்னேனா? காலைல டீ குடிக்கறப்பகூட நல்லாத்தானே பேசிட்டிருந்தோம். எதை மனசுல வச்சிக்கிட்டு இப்படிப் பண்ணான்னு, அதேதான் எனக்கு மண்டைல ஓடிட்டிருக்கு."

அவருக்குள் இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று கண்டக்டர் நினைத்ததே இல்லை.

"நீங்க ஒண்ணுமே சொல்லலண்ணே. வண்டிய வேற தெருவுல திருப்பினீங்க. என்னைக் கொல்லக் கொண்டுபோறீங்கன்னு நெனச்சேன். வண்டில இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாதுன்னு தோணிச்சு. உங்க மேல கோவமே இல்ல. பயம்ணே. அவ்வளவு பயம்."

டிரைவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அந்த வண்டிய வச்சிக்கிட்டா?" என்றார். "மேடு கண்டாலே அதுக்கு மூச்சு வாங்கும். அதுல ஒரு கோழியக்கூடக் கொல்ல முடியாதேடா."

கண்டக்டருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தெரபிஸ்டைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்புறம் மூவரும் சிரித்தார்கள்.

"உங்க காலு..." என்று ஆரம்பித்தார் கண்டக்டர்.

"மழை வந்தா வலிக்கும். ஆபீஸ்ல உக்காந்த வேலை குடுத்துட்டாங்க."

"மன்னிச்சிடுங்கண்ணே."

டிரைவர் தடியை எடுத்துக்கொண்டார். எழுந்து கதவுவரை போய்த் திரும்பினார். "மருந்த ஒழுங்கா சாப்பிடு. உடம்பு சரியில்லாதவன்கிட்ட சண்டை போட எனக்கு வராது. நல்லாகி வா, அப்ப வச்சிக்கறேன் உன்ன."

அன்று கண்டக்டர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த கட்டம், துணையோடு வெளியே போய்வருவது. முதலில் மருத்துவமனைத் தோட்டம், பிறகு எதிர்ச்சாரிக் கடைகள், பிறகு பஸ்ஸில் சந்தைவரை. ஒட்டகம் கூட வந்தார். ஏறியதும் கண்டக்டர் ஜன்னலோரமாக நின்று கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். பின்னால் யாரோ இருமினார்கள். அது வெறும் இருமல்தான் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். வெறும் இருமலாகவே அது இருந்தது.

அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெருங்கூட்டம் வாசலில் முட்டிமோதியது. கண்டக்டர் வேலையில் இருந்தவள் ஒரு சின்னப் பெண். பாவம், அவள் குரல் எடுபடவில்லை. இவருக்குப் பொறுக்கவில்லை. தம்மை அறியாமலே வாய் திறந்துவிட்டது.

"நடுவுல மைதானமா கிடக்கு, உள்ள போங்கய்யா!"

கூட்டம் மந்திரம் போட்டதுபோல உள்ளே நகர்ந்தது.

"யாருங்க அது, என் வேலைக்கு உலை வைக்கறது?" என்றாள் அந்தப் பெண்.

"பழைய ஆளும்மா, கண்டுக்காதீங்க" என்றார் ஒட்டகம். திரும்பி வரும்வரை அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வார்டுக்கு வந்ததும் கண்டக்டர் அந்த ஒரு வரியை எல்லாருக்கும் மறுபடி மறுபடி சத்தம் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

மருத்துவர்கள் சொன்னதைக் கேட்டு, நிபந்தனைகளோடு வெளியே வாழ நீதிமன்றம் அனுமதித்தது. மருந்தை விடக்கூடாது, வாராவாரம் வந்து காட்ட வேண்டும், பஸ் வேலைக்குத் திரும்பக்கூடாது. கடைசி நிபந்தனை மட்டும் கொஞ்சம் வலித்தது. ஆனாலும், இன்னொருவர் காலை அந்த வேலைக்குப் பணயம் வைக்க அவருக்கே மனசில்லை. மருத்துவமனை நடத்தும் ஒரு வீட்டில், தம்மைப்போலவே வெளியே வந்த இரண்டு பேரோடு தங்கினார். ஒரு பார்சல் கிடங்கில், பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து வண்டியில் ஏற்றும் வேலை கிடைத்தது. எந்தப் பெட்டியை எந்த மூலையில் திணித்தால் இன்னும் நாலு பெட்டி ஏறும் என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. அங்கேயும் அவர் பெயர் கண்டக்டர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவார். டிரைவர் எப்போதாவது போன் போட்டு, "என்ன, நல்லாயிட்டியா? சண்டைக்கு வரலாமா?" என்பார். "இன்னும் கொஞ்சம் டைம் குடுங்கண்ணே" என்பார் இவர்.

ஒருமுறை வேலை நெருக்கடியில் தொடர்ந்து சில நாள் தூக்கம் வரவில்லை. கிடங்கில் ஒருவன் தும்மியபோது சுருக்கென்று கோபம் வந்தது. கண்டக்டர் கையிலிருந்த பெட்டியை இறக்கி வைத்தார். மேலாளரிடம் சொல்லிவிட்டு, நேராகப் போய் ஒட்டகத்தின் முன் நின்றார். "தூக்கம் போச்சுங்க. தும்மினா கோவம் வருது."

மருந்தை மாற்றி, கொஞ்ச நாள் வார்டிலேயே வைத்துக்கொண்டார்கள். மறுபடி உள்ளேதானா என்று முதல் நாள் புலம்பினார். "நீங்களா நடந்து வந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இத்தனை பாடும்" என்றாள் தெரபிஸ்ட். அன்று நன்றாகத் தூங்கினார்.

வீட்டுக்குத் திரும்பியபோது, கூடத் தங்கியிருந்தவர்களில் ஒருவர் இவருடைய துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அடுப்படியில் நின்றிருந்தார்.

"யோவ், அது என் துண்டு!"

"ஆளே இல்லாத வீட்டுல துண்டுக்கு மட்டும் என்ன மரியாதை? உப்பு சரியா இருக்கான்னு பாரும்."

கண்டக்டர் பையைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை வாங்கி ஊதி ஊதி ருசி பார்த்தார். உப்பு கூடுதல். அதைப் பற்றிச் சாப்பிட்டு முடிக்கும்வரை மூன்று பேரும் சண்டை போட்டார்கள்.