புகையிலைக் கை

தக்காளிச் செடியை வேரோடு பிடுங்கினால் கையில் ஒரு பச்சை நாற்றம் ஒட்டும், கழுவினாலும் லேசில் போகாது. அன்றைக்கு எங்கள் வீடு முழுக்க அந்த நாற்றம்தான். பாத்தி முழுவதையும் நான்தான் பிடுங்கி எறிந்தேன்.

அது சந்தைத் தக்காளி இல்லை. மலைமேல் நெல்லிவாசல் நாட்டில் இருக்கும் என் அக்கா கொடுத்த நாட்டுத் தக்காளி. ஒன்று போட்டால் ஒரு சட்டி ரசம் புளிக்கும். போன மழையில் காட்டுப்பன்றிகள் அவள் கொல்லையை உழுது தள்ளிவிட்டன. "உன் வூட்ல இருக்கறதுதான்டி மிச்சம், வெத எடுத்து வெய்யி" என்று போனில் அழுதாள். நானோ இருந்த விதையை எல்லாம் விதைத்துவிட்டிருந்தேன்.

சாம்பல் போட்டேன், குச்சி நட்டுக் கட்டினேன், இலை நனையாமல் வேரில் மட்டும் தண்ணீர் விட்டேன். குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத என் வீட்டுக்காரர், இந்தச் செடிகள் மேல் உயிரையே வைத்தார். காலையில் பக்கக் கிளைகளைக் கிள்ளிவிடுவது அவர் வேலை. எனக்கு அதில் பெருமை வேறு.

பிறகு இலைகளில் மஞ்சள் திட்டு விழுந்தது. கொழுந்து சுருண்டு நூலானது. வேப்பெண்ணெய் அடித்தேன், மோர் தெளித்தேன், ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி கண்தான் என்று அவளோடு சண்டைக்குப் போனேன். அவள் என் கொண்டையைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

அப்புறம்தான் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். புகையிலை தொட்ட கையால் தக்காளியைத் தொட்டால் இந்த நோய் பரவும் என்றார்கள். நிமிர்ந்தால், இவர் உள்ளங்கையில் புகையிலை கசக்கிக் கன்னத்தில் அடக்கிவிட்டு, அதே கையால் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"யோவ், கைய எடுய்யா! உன் பொகயில கைதான்யா செடிய சாவடிக்குது!"

அவர் சிரித்தார். "போடி, பொகயில துன்றது நானு. செடியா துன்னுச்சு?"

அந்தச் சிரிப்பில் எனக்கு வெறி ஏறிவிட்டது. அவர் மடியிலிருந்த புகையிலைப் பொட்டலத்தைப் பறித்தேன். அவர் என் கையை முறுக்கினார். நான் அவர் மணிக்கட்டைக் கடித்தேன், ரத்தம் வருகிற வரைக்கும் விடவில்லை. குச்சிகள் முறிய அவர் பாத்தியிலேயே விழுந்தார். பாத்தியில் திட்டு விழாத செடியே இல்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் குவித்து, பொட்டலத்தையும் மேலே போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன்.

"காய் இருக்குதுடி, பாவி!" என்று கத்தினார். காய்கள் நெருப்பில் படபடவென்று வெடித்தன. நானும் வாய்விட்டு அழுதேன். அக்காவுக்கு என்ன பதில் சொல்வேன்?

அப்போதுதான் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பார்த்தேன். பாத்திரம் கழுவிய தண்ணீரில் தானாக முளைத்த அதே நாட்டுத் தக்காளிச் செடி ஒன்று, புதர் மாதிரிப் படர்ந்து, இலையில் ஒரு புள்ளி இல்லாமல் காய்த்துக் கிடந்தது.

அவரும் பார்த்தார். முகம் செத்துப்போனது. "அத நான் கிள்ளவே இல்லியே" என்றார். பிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொட்டே, கைய வெட்டிடுவேன்" என்றேன். வெட்டித்தான் இருப்பேன்.

புகையிலையை அவர் விடவில்லை. ஆனால் தினமும் நான் போட்ட முள்வேலிக்கு வெளியிலேயே நின்று அந்தச் செடியைப் பார்த்தார். முதல் பழம் பழுத்ததும், சோப்புப் போட்டுக் கை கழுவிப் பறித்தேன். விதையை அக்காவுக்கென்று பிதுக்கி எடுத்து வைத்தேன். மிச்சச் சதைக்கு அவர் கையை நீட்டினார். கரண்டிக் காம்பாலேயே ஒரு போடு போட்டேன்.

"துப்பிட்டு வா. கைய பின்னால கட்டு. வாயத் தொற."

வாய் கொப்பளித்துவிட்டு வந்து, சொன்னபடியே கட்டிக்கொண்டு நின்றார். ஊட்டிவிட்டேன். புளிப்பில் கண்ணை இறுக்கி மூடியவர், வெகுநேரம் திறக்கவே இல்லை. பின்னால் கட்டியிருந்த கையில் என் பல் பதிந்த இடம் இன்னும் ஆறியிருக்கவில்லை.