குளத்தில் நின்ற பட்டைக் கம்பு

இலத்தூர்க் குளத்து மடையைத் திறந்து மூடுவது சொரிமுத்து அண்ணாச்சியின் வேலை. சந்தேகப்படுவது உபதொழில். டீ கிளாஸைத் தூக்கி அடியைப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நான் வணக்கம் வைத்தால் தன் சட்டை முதுகைத் தடவிப் பார்ப்பார். அதில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு; இரண்டு முறை காகித வால் ஒட்டியிருக்கிறேன்.

ஆடிச் சாரலில், குளத்துக்குள் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கம்பு ஒன்று முளைத்திருந்தது. கரையில் சண்முகப்பிரியா அக்கா கம்பைப் பார்த்தாற்போல் கேமராவைக் கட்டிக்கொண்டிருந்தாள். தென்காசிக்காரி, சென்னையில் கடலலை ஆராய்ச்சி. அண்ணாச்சியின் மாமனார் ஊர்க் குளத்தில் முதலில் இப்படித்தான் கம்பு வந்தது. பிறகு சர்வேக் கல். பிறகு ரோடு. அண்ணாச்சி இறங்கிக் கம்பைப் பிடுங்கிவிட்டார்.

"ரோடு எங்கனம்மா வருது?"

"ரோடு இல்ல அண்ணாச்சி. அலைய அளக்குதேன்."

"அலைக்குத் திருச்செந்தூருக்குல்லா போணும்."

காற்றின் வேகமும், தண்ணீர்மேல் அது தடையில்லாமல் ஓடும் தூரமும் தெரிந்தால் அலை எவ்வளவு எழும்பும் என்று சொல்லக் கணக்கு இருக்கிறதாம். செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஒரே பக்கமாக அடிப்பதால் இந்தக் குளம் ஒரு குட்டிக் கடலாம். அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கை எடுத்துச் சராசரி பார்ப்பார்களாம். மெதுவான அலையில் எவ்வளவு பலம், வேகமான அலையில் எவ்வளவு என்று பிரித்துக் கோடு வரைவார்களாம். ஒன்பதாவதோடு நின்ற எனக்கே பாதி புரிந்தது. அதுவே சந்தேகமாக இருந்தது.

"மிச்ச ரெண்டு பங்கு அலைய எங்க ஒளிச்சு வைக்க?" என்றார் அண்ணாச்சி. பிறகு யோசித்தார். "கம்புல கோயில் சுவரு மாதிரி காவியும் வெள்ளையும் நெடுக்க அடி. சர்வேக்காரன்னா ஒத்துக்க மாட்டான்."

"சரி அண்ணாச்சி. உயரத்துக்குக் கறுப்புக் கோடு மட்டும் போட்டுக்கிடுதேன்."

அண்ணாச்சி என் காதில், "ஒடனே சரிங்கா, பாத்தியாலே," என்றார்.

காவி அடித்த கம்பை யாரும் தொடவில்லை. வெள்ளிக்கிழமை யாரோ மாலையே போட்டுவிட்டார்கள். அக்கா வருமுன் அண்ணாச்சி அதைக் கழற்றினார். "கோட்ட மறைக்குதுல்லா," என்றார், என்னைப் பார்க்காமல்.

காற்று ஓய்ந்ததும் அக்கா கம்பைப் பிடுங்கினாள். அண்ணாச்சி வேட்டியைத் தூக்கிக் கட்டி, அந்தக் குழிக்குள் காலை விட்டு நெடுநேரம் துழாவினார். கல் இல்லை. அவர் முகம் தெளிந்தது.

"அடுத்த சாரலுக்கு வருவேன். ஒங்க வீட்லயே கெடக்கட்டும்," என்று கம்பை அவரிடமே கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

அண்ணாச்சி கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் நின்றார்.

"ஏலே, இத ஏன் என்கிட்ட குடுத்தா?"