கோடிப்புறத்துப் புதுப் பூட்டு

கண்டாவளையில், அக்கா வீட்டின் பின்னால், கோடிப்புறக் கொட்டிலில் ஒரு புதுப் பூட்டுத் தொங்குகிறது. மண்வெட்டியும் உரப்பையும் கிடக்கும் கொட்டிலை இந்த ஊரில் யார் பூட்டுவார்கள்? நான் டென்மார்க்கிலிருந்து வந்து இறங்கிய மறுநாள்தான் பூட்டினார்கள். பூட்டு எனக்காகத்தான் என்று விளங்குவதற்கு அடிபடாத மூளை தேவையில்லை.

அங்கே பனியில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து மண்டை உடைந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு நடை வந்தது, பேச்சு வந்தது. மூக்குக்கு மணம் தெரிவது மட்டும் திரும்பவில்லை. இரைச்சல் கேட்டால் படுத்துவிடுவேன். அதோடு, எதிலும் விருப்பமில்லாத ஒரு கவலை வந்து குடியேறிவிட்டது. ஆஸ்பத்திரி நேர்ஸ் ஒருநாள் கோப்பி ஊற்றித் தந்தபடி, "சாகவேண்டும் போல் இருக்கிறதா?" என்று நேராகவே கேட்டாள். திடுக்கிட்டுப் போனேன். வன்னியில் வளர்ந்தவனிடம் முன்பின் தெரியாதவர் சிரித்த முகத்தோடு கேள்வி கேட்டால் அது விசாரணைதான். விசாரணைக்கு எங்களிடம் ஒரே பதில்தான் உண்டு. "இல்லை, எல்லாம் நல்லம்" என்றேன். அவளும் நம்பிவிட்டாள். உண்மை வேறு.

இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. பால்மாவும் பிஸ்கட்டுமாகப் பார்க்க வருகிறவர்களோடு அக்கா குசினிக்குள், அடுப்படியில் நின்று குசுகுசுப்பாள். நான் போனால் கதை மழைக்கு மாறிவிடும். எனக்கு மூளை பிசகி விசர் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறாளோ? நேற்றுப் பின்னேரம் பொறுக்க முடியாமல், அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"கொட்டிலை ஏனக்கா பூட்டி வைச்சிருக்கிறியள்?"

"மருந்து மணம் உன்ரை தலைக்குக் கூடாது தம்பி. அதுதான்."

"எனக்குத்தான் மணமே தெரியாதே."

அக்கா சுளகைக் கீழே வைத்தாள்.

"வயலுக்கு அடிக்கிற மருந்து உள்ளுக்கை கிடக்கு. வந்த அண்டைக்கு உன்ரை முகத்தைப் பாத்தன். பயமாப் போச்சு. அத்தானிட்டைச் சொல்லிப் பூட்டுவிச்சனான். பிழையெண்டால் ஏசு."

கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். நேர்ஸ் வாயால் கேட்டதை அக்கா பூட்டால் கேட்டிருக்கிறாள். இவளையா சந்தேகப்பட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

"ஓம் அக்கா. சில நேரம் அப்பிடித்தான் இருக்கு."

அவள் அழவில்லை. "நாளைக்குக் கிளிநொச்சியிலை டொக்டரிட்டைப் போவம். நானும் வாறன். இப்ப சொன்னதை அங்கையும் சொல்லு" என்றாள்.

இன்று காலை பஸ்ஸுக்குப் புறப்படும்போது அக்காவின் கழுத்துச் சங்கிலியில், சட்டைப்பின்னில் கொளுவியபடி கொட்டில் பூட்டின் திறப்புத் தொங்கியது. என் பொக்கற்றில் எந்நேரமும் தடவிக்கொண்டிருக்கும் டென்மார்க் வீட்டுத் திறப்பை எடுத்து நீட்டினேன்.

"இதையும் கொளுவி வையுங்கோ. நான் துலைச்சுப்போடுவன்."

பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு திறப்புகளும் அவள் கழுத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. இனி எந்தக் கதவையும் அவளைக் கேட்காமல் என்னால் திறக்க முடியாது.