அண்ணன் அடிக்காத நாட்கள்

எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, மேலே அம்மாவின் கையெழுத்தில் ‘தங்கையை அடிக்காத நாள்’ என்று எழுதியிருக்கும். அந்தத் தங்கை நான். எனக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினொன்று. நான் அடி வாங்காத நாளுக்கு அவனுக்கு ஒரு தங்க நிற நட்சத்திரம். எனக்கு ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட.

அட்டை போடச் சொன்னவர் சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடியில் முரட்டுப் பிள்ளைகளுக்கு நடத்தைப் பயிற்சி கொடுத்துவந்த மேடம். குரலை உயர்த்தவே மாட்டார். அண்ணன் அவருடைய மேசையைக் கவிழ்த்த அன்றுகூட அவனோடு தானும் குந்தி உட்கார்ந்து, சிதறிய பென்சில்களைப் பொறுக்கினார். கடைசிப் பென்சிலை எடுத்ததும், “எல்லாத்தையும் அழகா எடுத்து வச்சிட்டியேப்பா” என்றார். அண்ணனை ஒருவர் பாராட்டி அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவன் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதனால்தான் பொய் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று மிரட்டிக்கொண்டிருந்தார்கள். அட்டை நிரம்பாவிட்டால் வெளியூர் ஹாஸ்டல்தான் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நட்சத்திரத்துக்காக அண்ணன் நான்கைந்து நாள் கையைக் கட்டிக்கொண்டு இருப்பான். ஆறாம் நாள் என் முதுகில் ஒன்று விழும். சாயங்காலம் அம்மா, “இன்னிக்கு அடிச்சானா பாப்பா?” என்பார். “இல்லம்மா” என்பேன். என் முகத்தைப் பார்க்காமல் நட்சத்திரத்தை ஒட்டுவார். மேடமும் ஒருமுறை, அம்மா பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார். “அடிச்சா என்கிட்ட சொல்லணும்மா. அது கோள் சொல்றது இல்ல.” இல்லை என்று தலையாட்டினேன். அட்டை நிரம்பியது. இனி வரவேண்டாம் என்று மேடம் சந்தோஷமாக அனுப்பிவைத்தார். அண்ணன் வீட்டிலேயே இருந்தான். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

போன வருடம் அண்ணி மணிக்கட்டில் கட்டோடு தொட்டியத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். மகளை அண்ணன் அனுப்பவில்லை. படிப்பு கெட்டுவிடும் என்றான்.

சில மாதங்களுக்கு முன் ஸ்ரீரங்கத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில் மேடத்தைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க அண்ணனை நான் மறக்கவே இல்லம்மா. அவ்வளவு அழகா மாறின பிள்ளை. எப்படி இருக்கான்?”

அத்தனை வருடப் பொய்யையும் அந்த வாசலிலேயே கொட்டினேன். திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பிடித்த கையை விடாமலே கேட்டார்.

“அவனுக்குக் குழந்தை இருக்காம்மா?”

“ஒரு பொண்ணு மேடம். எடமலைப்பட்டி புதூர்ல அவன்கூடத்தான் இருக்கா.”

“அவகிட்ட கேட்டியா?”

மாதம் இரண்டு முறையாவது போகிறேன். துணி எடுத்துக் கொடுக்கிறேன், தலை பின்னிவிடுகிறேன். ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், “இல்ல அத்தை” என்பாள். வேறு யாராக இருந்தாலும் அதை நம்பிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். என்னால் முடியாது. அதனால்தான் கேட்கவில்லை.