மூன்று விரல் இடைவெளி

மகள் நடக்கத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் கை தட்டினார்கள். நான் அவளுடைய முழங்கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளிப்பாட்டும் சாக்கில் இரண்டு கணுக்கால்களையும் சேர்த்துப் பிடித்து, முழங்கால்களுக்கு நடுவே விரலை வைத்துப் பார்ப்பேன். முதலில் ஒரு விரல் போனது. ஒன்றரை வயதில் மூன்று விரல்கள் தாராளமாகப் போயின.

என் கால்களும் அப்படித்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பட்டப்பெயர் 'அடைப்புக்குறி'. சின்ன வயதில் சத்தில்லாமல் வளைந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பத்தொன்பது வயதில் ஒரு டொக்டர் உண்மையைச் சொல்லியிருந்தார். எலும்புக்கு வேண்டிய பொஸ்பேட் என் உடம்பில் தங்காமல் சிறுநீரில் போய்விடுகிறதாம். "மகன் பிறந்தா பயமில்ல. மகள் பிறந்தா கட்டாயம் வரும். பிறந்த உடனே கொண்டுவந்து காட்டுங்க" என்றார். கல்யாணம் பேசும்போது அதை அப்படியே விழுங்கிவிட்டேன். பிறகு சொல்வதற்கு நல்ல நாள் ஒன்றும் வரவில்லை.

என் அக்கா பக்கத்து லயத்தில், தோட்டத்து வரிசை வீடு ஒன்றில், இருந்தாள். "பச்சப் புள்ளய இடுப்புலயே தூக்கி வச்சு கால வளைச்சுட்டா" என்று என் மனைவியின் காதில் விழும்படியே சொல்வாள். மனைவி பிள்ளையை இடுப்பில் வைப்பதை நிறுத்தினாள். காலை வெயிலில் உட்கார வைத்தாள், முட்டை ஊட்டினாள், கிளினிக்கில் தந்த விட்டமின் சொட்டுகளை நேரம் தவறாமல் கொடுத்தாள். கால் இன்னும் வளைந்தது. அக்கா பேசப் பேச நான் சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். கோழை என்பதற்கு வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் கண்டிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டரம்மா பிள்ளையின் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாப்பாடு எப்படி என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாம் குடுக்குறேன் டொக்டர். என்ன தப்பு செஞ்சேன்னுதான் தெரியல."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டினேன்.

"அவ மேல ஒரு தப்பும் இல்ல. இது என்கிட்டருந்து வந்தது. எனக்கு முன்னமே தெரியும்" என்றேன்.

மனைவி என் காலைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள். டொக்டரம்மா பேனாவை எடுத்தார். இரத்தமும் சிறுநீரும் பார்க்கவேண்டும், பொஸ்பேட் மருந்தை ஒரு நாளைக்குப் பல தடவை கொடுக்கவேண்டும் என்றார். ஒரு வருடத்துக்கு முன்பே தொடங்கியிருக்கலாம், ஆனாலும் இந்த வயதில் கால் நிமிர வாய்ப்பிருக்கிறது என்றார்.

வெளியே வந்ததும் மனைவி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"உங்க காலு வளைஞ்சிருக்குன்னு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்" என்றாள். "அக்கா என்னைய பேசுறப்ப நீங்க வாய மூடிக்கிட்டு சோறு தின்னீங்களே, அதத்தான் என்னால தாங்க முடியல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"என்கிட்ட வேணாம். இங்க சொன்னத அப்படியே அக்காகிட்ட போய் சொல்லுங்க. நான் வாசல்ல நின்னு கேக்குறேன்."